நிறம் சொல்லாத உறவு: பாசிகளின் ஒளி சேகரிக்கும் புரதங்களை எதிர்ப்பொருளால் ஒப்பிடும் முறை

ஸ்பைருலினா மாத்திரை வாங்கிய நண்பர் ஒருவர், டப்பாவோடு வந்த தாளை என்னிடம் நீட்டினார். பாசியின் நிறமிப் புரதங்களைப் பற்றி ‘இம்யூனாலஜி ஒப்பீடு’ நடந்திருப்பதாக அதில் ஒரு வரி. “பாசிக்கு நோய் எதிர்ப்பு சக்தி இருக்குன்னு சொல்றாங்களா, இல்ல சாப்பிட்டா நமக்கு வருமா?” என்று கேட்டார்.

இரண்டுமே இல்லை. ஆனாலும் அவர் அப்படிக் கேட்டது நியாயம்தான். இம்யூனாலஜி என்ற சொல் காதில் விழுந்தவுடன் காய்ச்சலும் தடுப்பூசியும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகின்றன. இங்கே நோய்க்கு வேலையே கிடையாது. முயலின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளை ஓர் அளவுகோலாக எடுத்துக்கொண்டு, இரண்டு புரதங்கள் வடிவத்தில் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்க்கிறார்கள். அவ்வளவுதான். இந்த அளவுகோல் பாசிகளின் வம்சாவளியைப் பற்றிச் சொன்ன செய்திகள் எனக்கு மிகவும் பிடித்தவை. அதனால் அடியிலிருந்தே சொல்லிப் பார்க்கிறேன்.

மொட்டை மாடியும் தொட்டியும்

மழைநீர் சேகரிப்பு வைத்த வீட்டில் மழை நேராகத் தொட்டியில் விழுவதில்லை. தொட்டியின் வாய் சிறியது. மொட்டை மாடி முழுக்க விழும் தண்ணீர், கொத்தனார் கொடுத்த வாட்டத்தில் ஓடி, குழாய் வழியாக இறங்கித் தொட்டிக்குப் போகிறது.

ஒளிச்சேர்க்கையும் இப்படித்தான். ஒளியை வேதி ஆற்றலாக மாற்றும் இடத்துக்கு வினைமையம் என்று பெயர். அதுதான் தொட்டி. அதன்மேல் நேராக விழும் ஒளி மிகக் குறைவு. அதனால் செல், வினைமையத்தைச் சுற்றி ஒளியைப் பிடித்துத் தரும் புரதங்களை நிறைய அடுக்கி வைத்திருக்கிறது. இவைதான் ஒளி சேகரிக்கும் புரதங்கள். அதாவது மாடி.

மாடிக்கு வாட்டம் வேண்டுமே? அதுவும் உண்டு. கடலில் வாழும் பல சிவப்புப் பாசிகளில் முதலில் பச்சை ஒளியைப் பிடிப்பது ஃபைகோஎரித்ரின். இது 565 நானோமீட்டர் அளவிலான ஒளியை உறிஞ்சும், பார்க்க ரோஜா நிறம். அது தன் ஆற்றலை நீல நிற ஃபைகோசயனினுக்குத் (சுமார் 620) தருகிறது. அங்கிருந்து அல்லோஃபைகோசயனினுக்கு (650), பிறகு வினைமையத்தை ஒட்டிய பச்சையத்துக்கு. அலைநீளம் கூடக்கூட ஆற்றல் குறையும். ஆகவே ஒவ்வொரு படியும் கொஞ்சம் தாழ்வு. பிடித்த ஆற்றல் பெரும்பாலும் ஒரே பக்கமாக இறங்கிப் போகிறது.

நிறமியும் அதன் இருக்கையும்

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் ஸ்பைருலினா பொடியைக் கலந்து ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் பச்சைச் சேறு அடியில் தங்கியிருக்கும், மேலே நீலம் நிற்கும். பச்சையம் தண்ணீரில் கரையாது, அதனால் கீழேயே கிடக்கிறது. கரைந்து வந்த நீலம்தான் ஃபைகோசயனின். அதை மெதுவாக வேறு டம்ளருக்கு மாற்றி ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் நீலம். வெயிலை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு கறுப்புத் துணிக்கு முன்னால் பிடித்துப் பார்த்தால், அதே நீரில் ஒரு சிவப்புச் சாயல் தெரியும். பிடித்த ஒளியை ஒப்படைக்கப் பக்கத்தில் ஆள் இல்லாததால், புரதம் அதைச் சிவப்பாக வெளியே விட்டுவிடுகிறது.

இப்போது அந்த நீலத்தில் பாதியை அடுப்பில் வையுங்கள். கொதி வருவதற்கு முன்பே நீலம் வெளிறிப்போகும், சிவப்புச் சாயலும் காணாமல் போகும்.

நிறம் தரும் சிறிய மூலக்கூறுக்கு நிறமி என்று பெயர். சூடு பட்ட டம்ளரிலும் நிறமி புரதத்தோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அதை நீட்டி நிமிர்த்திப் பிடித்திருந்த புரதத்தின் மடிப்புதான் குலைந்துவிட்டது. நிறமி எந்த ஒளியைப் பிடிக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் அது உட்கார்ந்திருக்கும் புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இதற்கு நல்ல சாட்சி ஃபைகோசயனினும் அல்லோஃபைகோசயனினும்தான். ஸ்பைருலினாவில் இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே நிறமி, ஃபைகோசயனோபிலின். இருக்கை மாறியதால் ஒன்று 620-லும் இன்னொன்று 650-லும் ஒளியை உறிஞ்சுகின்றன.

சரி, இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: ஒளியைப் பிடித்து வினைமையத்துக்கு அனுப்ப ஒரு புரத மாடி இருக்கிறது. நிறம் தருவது நிறமி, அதைத் தாங்குவது புரதம். நிறமி ஒன்றாக இருந்தாலும் புரதம் வேறாக இருக்கலாம்.

மாடிகளில் இரண்டு பெரிய ரகம்

பாசிகள் எல்லாம் ஒரே குடும்பம் என்று நினைப்பதும் ஒரு பொதுவான குழப்பம். ‘பாசி’ என்பது நாம் வசதிக்காக வைத்துக்கொண்ட பெயர். அதற்குள் பாக்டீரியாவும் உண்டு, கடலுக்கடியில் ஆள் உயரத்துக்கு மேல் வளரும் பழுப்புப் பாசியும் உண்டு.

அவற்றின் மாடிகளைப் பெரும்பாலும் இரண்டு ரகமாகப் பிரிக்கலாம். நீலப்பச்சைப் பாசிகளிலும் (ஸ்பைருலினா இந்த வகை) சிவப்புப் பாசிகளிலும் மேலே சொன்ன நீல, ரோஜா புரதங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து, ஒளிச்சேர்க்கை நடக்கும் சவ்வின் மேல் குமிழ் குமிழாக ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தக் குமிழுக்கு ஃபைகோபிலிசோம் என்று பெயர். 1960-களின் நடுவில் எலிசபெத் கான்ட், சாமுவேல் கான்டி இருவரும் போர்ஃபிரிடியம் என்ற ஒரு செல் சிவப்புப் பாசியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து இதை முதலில் விவரித்தார்கள்.

இரண்டாவது ரகம் சவ்வுக்குள்ளேயே புதைந்திருக்கும். பச்சைப் பாசிகளிலும் நம் தோட்டத்துச் செடிகளிலும் இதில் பச்சையம் ஏ, பச்சையம் பி இரண்டும் இருக்கும். பழுப்புப் பாசிகளிலும், டயாட்டம் என்ற ஒரு செல் பாசிகளிலும் பச்சையம் ஏ, சி-யோடு ஃபுகோசாந்தின் என்ற பழுப்பு நிறமியும் சேர்ந்திருக்கும். இந்த ரகத்தை இங்கே சவ்வுப் புரதம் என்றே சொல்கிறேன்.

நிறத்தை வைத்துக் குடும்பம் பிரிப்பது நூறாண்டுக்கு மேலான பழக்கம். பச்சை, சிவப்பு, பழுப்பு என்ற பெயர்களே அதிலிருந்து வந்தவைதான். ஆனால் நிறமியை மட்டும் பார்த்தால் புரதத்தின் உறவு தெரியாது என்று இப்போதுதான் பார்த்தோம். 1960-களில் ஒரு புரதத்தின் அமினோ அமில வரிசையைப் படித்து முடிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். வடிவத்தைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேறு ஒரு வழி தேவைப்பட்டது.

முயல் தரும் மூடிகள்

வீட்டில் எவர்சில்வர் சம்படங்கள் கலந்து கிடக்கின்றன. எது எந்த செட்டில் வந்தது என்று தெரியவில்லை. ஒரு சம்படத்தின் மூடியை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்போம். சிக்கென்று உட்கார்ந்தால் ஒரே செட். தளர்வாக உட்கார்ந்தால் அதே கம்பெனியின் வேறு அளவாக இருக்கலாம். உட்காரவே இல்லை என்றால் வேறு. உள்ளே துவரம்பருப்பு இருக்கிறதா, மிளகாய்த்தூள் இருக்கிறதா என்பது மூடிக்குத் தெரியாது. விளிம்பின் வடிவம்தான் அதற்குக் கணக்கு.

இந்த மூடிதான் எதிர்ப்பொருள். முயலின் உடலுக்குள் ஓர் அந்நியப் புரதத்தைச் சிறிதளவு ஊசி மூலம் செலுத்தினால், சில வாரங்களில் அதைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் முயலின் ரத்தத்தில் உருவாகின்றன. செலுத்திய புரதத்துக்கு ஆன்டிஜென் என்று பெயர். முயலின் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து உறையவிட்டு, மேலே தெளியும் நீரைப் பிரித்தால் கிடைப்பது எதிர்ச்சீரம். ஃபைகோசயனினை முயலுக்குக் கொடுத்தால் கிடைப்பது ஃபைகோசயனின் எதிர்ச்சீரம். முயலுக்கு அது பாசி என்றும் தெரியாது, நிறமி என்றும் தெரியாது. தன்னுடையது இல்லாத ஒரு வடிவம், அவ்வளவுதான்.

சம்பட ஒப்புமையில் ஒரு திருத்தம் அவசியம். எதிர்ப்பொருள் முழுப் புரதத்தையும் மூடுவதில்லை. புரதத்தின் மேற்பரப்பில் ஒரு சின்ன இடத்தை மட்டும் பிடிக்கிறது. அந்த இடத்துக்கு எபிடோப் என்று பெயர். ஒரே புரதத்தில் பல எபிடோப்கள் இருக்கும். முயல் அவற்றில் பலவற்றுக்கும் தனித்தனி எதிர்ப்பொருள் செய்கிறது. ஆகவே எதிர்ச்சீரம் என்பது ஒரு பை நிறைய வெவ்வேறு மூடிகள். இதை மறந்துவிட்டால் பின்னால் வரும் முடிவுகள் புரியாது.

ஒரு பாசியின் புரதத்துக்காகச் செய்த எதிர்ச்சீரம், வேறொரு பாசியின் புரதத்தையும் பிடித்துக்கொண்டால் அதற்குக் குறுக்கு வினை என்று பெயர். இரண்டு புரதங்களும் சில எபிடோப்களையாவது பகிர்ந்துகொள்கின்றன என்று அர்த்தம். இம்யூனாலஜி ஒப்பீடு முழுக்க இந்தக் குறுக்கு வினையின் மேல்தான் நிற்கிறது.

அகார் தட்டில் வரும் கோடு

இந்தப் பிடிப்பைக் கண்ணால் பார்க்க வேண்டுமே. அதற்கு சுவீடனைச் சேர்ந்த ஆர்யன் ஔக்டர்லோனி 1940-களில் ஒரு முறையை உருவாக்கினார். மிக எளிமையானது, இன்றும் கல்லூரி ஆய்வகங்களில் செய்கிறார்கள்.

கண்ணாடித் தட்டில் அகாரைக் காய்ச்சி மெல்லிய படலமாக ஊற்றி ஆறவிடுவார்கள். அகார் வேறெங்கிருந்தோ வரும் மர்மப் பொருள் இல்லை. அதுவும் சிவப்புப் பாசியிலிருந்து எடுப்பதுதான். மண்டபம், பாம்பன் பக்கம் கடலில் மூழ்கிப் பெண்கள் பறித்து வரும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அகாருக்குத்தான் போகின்றன. சிவப்புப் பாசியின் புரதத்தைச் சிவப்புப் பாசியின் கூழிலேயே வைத்துச் சோதிக்கிறோம் என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கும்.

ஆறிய அகாரில் முக்கோணமாக மூன்று சின்னக் குழிகள் குத்துவார்கள். கீழ்க் குழியில் எதிர்ச்சீரம். மேலே இரண்டு குழிகளில் ஒப்பிட வேண்டிய இரண்டு புரதங்கள். மூடி வைத்துவிட்டு மறுநாள் வந்து பார்க்க வேண்டியதுதான். குழிகளில் இருந்தவை மெல்ல அகாருக்குள் ஊறிப் பரவுகின்றன. எதிர்ப்பொருளுக்கு இரண்டு கைகள். ஒரு கையால் ஒரு புரத மூலக்கூறையும் மறு கையால் அதே மாதிரியான இன்னொன்றையும் பிடிக்கும். இரண்டு பக்கமும் சரியான விகிதத்தில் சந்திக்கும் இடத்தில் இப்படிப் பிடித்துப் பிடித்து ஒரு வலையே உருவாகி, கரைய முடியாமல் அங்கேயே படிந்து ஒரு கோடாகத் தெரியும். சாதாரணப் புரதம் என்றால் வெள்ளைக் கோடு. பாசிப் புரதம் தானே நிறமுள்ளது என்பதால் கோட்டிலும் அந்த நீலமோ ரோஜாவோ ஏறியிருக்கும்.

இரண்டு குழிகளிலிருந்தும் வரும் கோடுகள் ஒரே வளைவாகச் சேர்ந்துகொண்டால், அந்த எதிர்ச்சீரத்தைப் பொறுத்தவரை இரண்டு புரதமும் ஒன்றே. கோடுகள் சேர்ந்து, ஆனால் ஒரு பக்கம் மட்டும் சின்னக் கொம்பு போல நீண்டிருந்தால், பகுதி ஒற்றுமை. பையில் இருந்த மூடிகளில் சில இரண்டுக்கும் பொருந்தின. மற்றவை இரண்டாவது புரதத்தில் உட்கார இடமில்லாமல் கடந்து போய், முதல் புரதத்தோடு தனியாகக் கோடு போட்டன. அந்தக் கொம்புதான் அது. ஒரு பக்கம் மட்டும் கோடு வந்து, மறுபக்கம் ஒன்றுமே இல்லை என்றால் குறுக்கு வினை இல்லை.

சுருக்கமாக: முயலின் எதிர்ச்சீரம் புரதத்தின் மேற்பரப்பைத் தடவிப் பார்க்கும் கருவி. அகாரில் கோடு சேர்ந்தால் ஒற்றுமை, கொம்பு நீண்டால் பாதி ஒற்றுமை, கோடே இல்லை என்றால் பொருத்தமில்லை.

1971-இல் தெரிந்த விஷயம்

அலெக்சாண்டர் கிளேசர், ஜெர்மைன் கோஹன்-பாசிர், ரோஜர் ஸ்டானியர் மூவரும் 1971-இல் இந்த முறையைப் பல பாசிகளின் நீல, ரோஜா புரதங்களில் செய்து பார்த்தார்கள். நீலப்பச்சைப் பாசி பாக்டீரியா இனம். அதற்கு உட்கரு கிடையாது. சிவப்புப் பாசியின் செல்லில் உட்கருவும் பசுங்கணிகமும் உண்டு. இரண்டுக்கும் நடுவே உயிரியலின் மிகப் பெரிய பிளவுகளில் ஒன்று கிடக்கிறது.

அப்படியிருந்தும் நீலப்பச்சைப் பாசியின் ஃபைகோசயனினுக்குச் செய்த எதிர்ச்சீரம் சிவப்புப் பாசியின் ஃபைகோசயனினைப் பிடித்தது. மற்ற இரண்டு வகைகளிலும் இதே கதை. சிவப்புப் பாசியின் பசுங்கணிகம் ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த நீலப்பச்சைப் பாசியிலிருந்து வந்தது என்ற கருத்துக்கு இது வலுவான துணை.

ஆனால் ஒரே செல்லுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஃபைகோசயனினும் அல்லோஃபைகோசயனினும் ஒன்றின் எதிர்ச்சீரத்துக்கு மற்றது மசியவில்லை. ஒரே நிறமிதான், ஆனாலும் மூடி உட்காரவில்லை. மூடி பார்ப்பது விளிம்பை, உள்ளே இருக்கும் பருப்பை இல்லை என்று சொன்னேனே, அதுதான் இது.

இதைவிடச் சுவாரசியமானவை கிரிப்டோபைட்டுகள். நீரில் நீந்தும் ஒரு செல் பாசிகள். இவற்றில் சில இனங்களில் நீலப் புரதம், சிலவற்றில் ரோஜா புரதம். நிறத்தை வைத்து இவற்றுக்கும் ஃபைகோசயனின், ஃபைகோஎரித்ரின் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எதிர்ப்பொருள் வேறு கதை சொன்னது. கிரிப்டோபைட்டின் நீலமும் ரோஜாவும் தங்களுக்குள் நெருங்கிய சொந்தம். பிந்தைய சோதனைகளில், நீல நிறத்தில் இருக்கும் கிரிப்டோபைட் புரதமும்கூட சிவப்புப் பாசியின் ரோஜா புரதத்தோடுதான் உறவு காட்டியது. அமினோ அமில வரிசை கிடைத்தபோது காரணம் தெளிவானது: கிரிப்டோபைட்டின் முன்னோர் ஒரு சிவப்புப் பாசியையே விழுங்கித் தன் உடலோடு சேர்த்துக்கொண்டது. அதிலிருந்து வந்த ஃபைகோஎரித்ரினின் ஒரு பகுதிதான் இன்று சில இனங்களில் நீலமாக மாறி நிற்கிறது. பெயரில் சயனின், பிறப்பில் எரித்ரின்!

சிவப்புக்குள் ஒளிந்திருந்த பச்சை உறவு

சிவப்புப் பாசிக்கு ஃபைகோபிலிசோம் மட்டும்தான் மாடி, செடிகளில் உள்ள சவ்வுப் புரதம் அதற்குக் கிடையாது என்றே வெகுகாலம் நம்பினார்கள். 1994-இல் கார்டன் வுல்ஃப், பெவர்லி கிரீன், எலிசபெத் கான்ட் உள்ளிட்ட ஐவர் குழு அதே போர்ஃபிரிடியத்தில் சவ்வுக்குள் பார்த்தது. இம்முறை அகார் தட்டு இல்லை, வெஸ்டர்ன் பிளாட். புரதங்களைக் கூழ்ப் பட்டையில் அளவு வாரியாகப் பிரித்து, ஒரு தாளுக்கு மாற்றி, அதன்மேல் எதிர்ச்சீரத்தை ஊற்றி, எந்தப் பட்டையில் ஒட்டுகிறது என்று பார்க்கும் முறை இது.

செடிகளின் சவ்வுப் புரதத்தை அடையாளம் காணும் எதிர்ப்பொருள் சிவப்புப் பாசியிலும் ஒட்டியது. பழுப்பு நிறமி உள்ள டயாட்டம் வகைப் புரதத்தோடும் அதே உறவு தெரிந்தது. பச்சையம் பி இல்லை, சி-யும் இல்லை, ஏ மட்டுமே வைத்திருக்கும் ஒரு புரதம், பச்சைக்கும் பழுப்புக்கும் சொந்தம். நிறமிகளை மட்டும் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தால் இந்த உறவு கண்ணில் பட்டிருக்கவே முடியாது. எல்லாப் பசுங்கணிகங்களுக்கும் மூலம் ஒன்றே என்ற கருத்துக்கு அந்த ஒட்டிய பட்டை ஒரு பெரிய ஆதாரமானது. கான்டின் பெயர் இரண்டு இடத்திலும் வருவதைக் கவனியுங்கள். அதே பாசியை முப்பது வருஷம் கழித்தும் அவர் விடவில்லை.

எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. புரோகுளோரான் என்ற பாக்டீரியாவில் செடிகளைப் போலவே பச்சையம் ஏ-யும் பி-யும் இருப்பது 1970-களில் தெரிந்தது. பார்க்க அசல் இலைப்பச்சை. செடிகளின் பசுங்கணிகத்துக்கு மூதாதை கிடைத்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள். 1996-இல் மரபணு வரிசை வந்தபோது, அதன் ஒளி சேகரிக்கும் புரதம் செடியின் புரதத்தோடு சேராத வேறு குடும்பம் என்று தெரிந்தது. நிறமி அதேதான், சம்படம் வேறு.

எங்கே ஏமாறுவோம்

குறுக்கு வினை இல்லை என்றால் உறவே இல்லை என்று முடிவு கட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஃபைகோசயனினும் அல்லோஃபைகோசயனினும் ஔக்டர்லோனி தட்டில் ஒட்டவில்லை என்று பார்த்தோம். ஆனால் அமினோ அமில வரிசைப்படி அவை இரண்டும், ஃபைகோஎரித்ரினும் சேர்ந்து, ஒரே மூதாதையின் வாரிசுகள். விலகி வெகுகாலம் ஆனதால் மேற்பரப்பு மாறிவிட்டது, உள் மடிப்பு அப்படியே இருக்கிறது. 1980-களில் ஃபைகோசயனினின் முப்பரிமாண வடிவம் தெரிந்தபோது, அந்த மடிப்பு நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினில் உள்ள குளோபின் புரதத்தை ஒத்திருந்தது. எந்த முயலின் எதிர்ச்சீரமும் இதைக் காட்டியிருக்காது.

அடுத்தது தூய்மை. முயலுக்குக் கொடுத்த ஃபைகோசயனினில் துளி அல்லோஃபைகோசயனின் கலந்திருந்தாலும் போதும். முயல் இரண்டுக்குமே மூடி செய்துவிடும். அப்புறம் எங்கும் குறுக்கு வினை, எல்லாம் பொய். அதனால்தான் கவனமாக வேலை செய்பவர்கள் புரதத்தைப் படிகமாக்கும் அளவுக்குச் சுத்தம் செய்தார்கள். ஊசி போடுவதற்கு முன் அதே முயலிடம் எடுத்த ரத்தத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், முயலிடம் முன்பே இருந்த எதிர்ப்பொருள் ஏமாற்றிவிடக் கூடாதே என்று. ஓர் ஆய்வைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இந்த இரண்டையும்தான்.

ஒட்டினால் வேலையும் ஒன்று என்று சொல்லிவிடவும் முடியாது. எதிர்ப்பொருள் காட்டுவது ஒரே மாதிரி மேற்பரப்பை மட்டும். அந்தப் புரதம் எந்த ஒளியைப் பிடிக்கிறது, யாருக்குக் கொடுக்கிறது என்பதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

நண்பருக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, “அப்போ நம்ம உடம்போட இதுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லையா?” என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. ஒரு சம்பந்தம் இருக்கிறது, அவர் எதிர்பார்த்த பக்கத்திலிருந்து இல்லை. 1982-இல் வெர்னன் ஓய், அதே கிளேசர், லூபர்ட் ஸ்ட்ரையர் மூவரும் ஃபைகோஎரித்ரினை எதிர்ப்பொருளோடு இணைத்து ஒளிரும் அடையாளமாகப் பயன்படுத்திக் காட்டினார்கள். தனியே எடுத்த பாசிப் புரதம் பிடித்த ஒளியை வெளியே விட்டுவிடும் என்று டம்ளரில் பார்த்தோம் இல்லையா, அந்தக் குணம்தான் இங்கே கைகொடுக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தத்தில் சிடி4 என்ற வகை வெள்ளையணுக்களை எண்ணும்போது, அந்தச் செல்லைப் போய்ப் பிடிக்கும் எதிர்ப்பொருளின் முதுகில் ஏறி, லேசர் பட்டதும் மஞ்சளாக மின்னுவது பல இடங்களில் கடல் பாசியின் ஃபைகோஎரித்ரின்தான்.